தசை பிடிப்பதும் விடுவதும்

ஒட்டுசுட்டான் பக்கத்தில் உயர்தர உயிரியல் படிக்கும் ஒரு தங்கச்சி இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். தசைக்குள் இருக்கும் அக்டின், மயோசின் என்ற புரத இழைகள் நீளத்தில் குறைவதில்லை என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள், அப்படியென்றால் தசை மட்டும் எப்படிச் சுருங்குகிறது என்பது ஒன்று. நாள் முழுக்க வயலில் நின்றுவிட்டு வரும் இரவுகளில், கெண்டைக்காலில் நரம்பு இழுக்கிறது என்று அப்பா திடுக்கிட்டு எழும்புகிறார், அதற்கும் இந்தப் பாடத்துக்கும் தொடர்பு உண்டா அண்ணா என்பது மற்றது.

தொடர்பு உண்டு தங்கச்சி. நான் இயன்மருத்துவராக வேலை செய்பவன். கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆட்களின் கைகால்களை மடக்கி நீட்டிப் பார்ப்பதுதான் என் தொழில். தசை எப்படி இழுக்கிறது என்று படிப்பதோடு நின்றுவிட்டால் பாதிதான் விளங்கும் என்பது என் எண்ணம். இழுத்த பிடியை அது எப்படி விடுகிறது என்பது மற்றப் பாதி. பாடநூல்களில் அது ஓரிரு வரியில் முடிந்துவிடும். ஆனால் செத்த மீன் விறைப்பது, பூச்சிமருந்து உடம்புக்குள் போனவர் மூச்சுக்குத் தவிப்பது, அப்பாவின் கெண்டைக்கால் இறுகுவது எல்லாவற்றையும் விளங்கிக்கொள்ள அந்த மற்றப் பாதி வேண்டும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கட்டமைப்பு. வீட்டில் கோழி அவிக்கும்போது நெஞ்சுத் துண்டொன்றை எடுத்து ஆறவிட்டு விரலால் கிழித்துப் பாருங்கள். நூல் நூலாகப் பிரியும். அந்த நூல் ஒவ்வொன்றும் ஒரு தசைநார் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது பல நார்கள் சேர்ந்த ஒரு கட்டு. கட்டைச் சுற்றி மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒன்று விரலில் ஒட்டும். அதுதான் இணைப்பிழையம். ஒவ்வொரு நாரையும் ஒரு சவ்வு சுற்றியிருக்கிறது, நார்க்கட்டை இன்னொன்று, முழுத் தசையையும் வேறொன்று. இவையெல்லாம் தசையின் முனையில் திரண்டு நாணாகி எலும்பில் போய் இறங்குகின்றன. உள்ளே எங்கோ ஒரு நார் இழுத்தாலும் அந்த இழுவை இந்தச் சவ்வுகளின் வழியாகத்தான் எலும்புக்கு வருகிறது. அவிக்கும்போது சவ்விலுள்ள கொலாஜன் கரைந்து ஜெலற்றினாகிறது. கட்டுகள் இலகுவாகக் கழன்று வருவது அதனால்தான். வயதான ஊர்க்கோழியில் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கும். எவ்வளவு அவித்தாலும் பல்லுக்கு இழுபடும்.

ஒரு தசைநார் என்பது ஒரே ஒரு கலம். தடிப்பு 10 முதல் 100 மைக்ரோமீற்றர்தான், நீளமோ சில தசைகளில் பல சென்ரிமீற்றர். இத்தனை நீளமான கலத்துக்கு ஒரு கரு காணாது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே பல மூலக்கலங்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு நாராகின்றன. ஆகவே ஒரே நாருக்குள் நூற்றுக்கணக்கான கருக்கள் இருக்கும். அவை எல்லாம் ஓரமாக, மென்சவ்வுக்குக் கீழே ஒதுங்கிக் கிடக்கும். நடுப்பகுதியை நுண்நார்கள் நிறைத்துக்கொள்கின்றன. அவற்றின் தடிப்பு ஏறக்குறைய ஒரு மைக்ரோமீற்றர். நுண்நார்களுக்கு இடையிடையே சக்தி தயாரிக்கும் இழைமணிகளும், சேமித்த மாச்சத்தான கிளைக்கோஜன் மணிகளும் இருக்கும். ஒவ்வொரு நுண்நாரையும் சுற்றி ஒரு சிறுவலை இருக்கிறது. அந்தச் சிறுவலையை நினைவில் வைத்திருங்கள், பிறகு அதற்கு நிறைய வேலை இருக்கிறது.

நுண்நாரை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கருமையும் வெளிச்சமுமாகப் பட்டிகள் மாறி மாறித் தெரியும். கரும்பட்டி ஏ பட்டி, வெளிர்பட்டி ஐ பட்டி. ஐ பட்டியின் நடுவே குறுக்காக ஓடுவது இசட் கோடு. ஒரு இசட் கோட்டிலிருந்து அடுத்த இசட் கோடு வரை ஒரு சார்கோமியர். ஓய்வில் அதன் நீளம் 2 முதல் 2.5 மைக்ரோமீற்றர். ஒரு சென்ரிமீற்றர் நாரில் 4,000க்கு மேற்பட்ட சார்கோமியர்கள் வரிசையாக நிற்கின்றன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இம்மியளவு குறுகினால் போதும், அந்த இம்மிகள் எல்லாம் கூடி கை மடங்கும். நீளவாக்கில் சார்கோமியர்கள் கூடினால் அசைவின் தூரமும் வேகமும் கூடும். பக்கம் பக்கமாக நுண்நார்கள் கூடினால் பலம் கூடும். உடற்பயிற்சி செய்பவரின் கை பருப்பது இந்த இரண்டாவது வகையால். புதிய நார்கள் முளைப்பதை விட, இருக்கிற நார்கள் தடிப்பதுதான் அங்கே பெரும்பங்கு.

சார்கோமியருக்குள் இருவகை இழைகள் உண்டு. தடித்த இழை மயோசினால் ஆனது, நீளம் ஏறக்குறைய 1.6 மைக்ரோமீற்றர். ஒரு தடித்த இழையில் ஏறத்தாழ 300 மயோசின் மூலக்கூறுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு தலைகள். இழையின் நடுவிலிருந்து ஒரு பாதியின் தலைகள் ஒரு பக்க இசட் கோட்டையும் மறுபாதியின் தலைகள் மறுபக்க இசட் கோட்டையும் நோக்கியிருக்கும். மெல்லிய இழை அக்டினால் ஆனது. அது இசட் கோட்டில் வேரூன்றி நடுவை நோக்கி நீள்கிறது. குறுக்காக வெட்டிப் பார்த்தால் ஒவ்வொரு தடித்த இழையையும் ஆறு மெல்லிய இழைகள் சூழ்ந்திருக்கும். மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது, பரீட்சைக்குப் பலர் விட்டுவிடுகிற ரைற்றின். மனித உடலிலுள்ள புரதங்களில் மிகப் பெரியது அதுதான். இசட் கோட்டிலிருந்து சார்கோமியரின் நடுவரை ஒரே மூலக்கூறாக நீண்டு, தடித்த இழையை நடுவில் நிறுத்தி வைக்கிறது. தளர்ந்திருக்கும் தசையை நான் மெல்ல இழுக்கும்போது கையில் தெரிகிற எதிர்ப்பில் ஒரு பங்கு ரைற்றினுடையது.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். 1954 மே மாதம் நேச்சர் சஞ்சிகையின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்றை எழுதியவர்கள் அன்ட்ரூ ஹக்ஸ்லியும் ரொல்ஃப் நீடர்கேர்க்கேயும், மற்றதை எழுதியவர்கள் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர் இல்லை. இரண்டு குழுவும் தனித்தனியாக ஒன்றையே கண்டிருந்தன: தசை சுருங்கும்போது ஏ பட்டியின் அகலம் மாறுவதில்லை, ஐ பட்டி மட்டும் ஒடுங்குகிறது. ஏ பட்டி என்பது தடித்த இழையின் நீளம். அது மாறவில்லை என்றால் தடித்த இழை குறுகவில்லை. ஏ பட்டியின் நடுவில், மெல்லிய இழைகள் எட்டாத இடமான எச் வலயமும் கூடவே ஒடுங்குகிறது. அப்படியென்றால் மெல்லிய இழைகள் இரு பக்கமிருந்தும் உள்ளே வழுக்கி வருகின்றன. இழைகளின் நீளம் அப்படியே இருக்க, அவை ஒன்றன்மேல் ஒன்று படியும் தூரம் மட்டும் கூடுகிறது. பரீட்சையில் படம் வரையச் சொன்னால் சுருங்கிய நிலையிலும் ஏ பட்டியை அதே அகலத்தில் வரையுங்கள். மாணவர்கள் பெரும்பாலும் புள்ளி இழப்பது அந்த இடத்தில்தான்.

இழைகளை வழுக்க வைப்பது எது? முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிறும் குறுகுவதில்லை, இழுப்பவர்களும் குறுகுவதில்லை. கயிறு கைகளைக் கடந்து வருகிறது, வலை கரையேறுகிறது. ஒருவர் இழுத்து முடித்துக் கையை விட்டு முன்னே எட்டிப் பிடிக்கும் நேரத்தில் மற்றவர்கள் பிடித்தே இருப்பார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் விட்டால் கடல் வலையைத் திரும்பக் கொண்டுபோய்விடும், ஒருவருமே விடாமல் நின்றால் கயிறு அசையாது. மயோசின் தலைகள் செய்வதும் அச்சொட்டாக இதுதான். ஒரு தலை அக்டினைப் பற்றி, வளைந்து, அதைச் சில நனோமீற்றர் தூரம் நடுவை நோக்கித் தள்ளி, விட்டு, நிமிர்ந்து, அடுத்த இடத்தில் பற்றுகிறது. ஒரு தலையின் ஒரு இழுப்பு 10 நனோமீற்றர் அளவுதான். தலைகள் எல்லாம் ஒரே தாளத்தில் இழுப்பதில்லை, ஒவ்வொன்றும் தன் பாட்டில் இழுக்கிறது. தசை துண்டு துண்டாக வெட்டி இழுக்காமல் ஒரே சீராகச் சுருங்குவது அதனால்.

இப்போது கலத்தின் சக்திப் பொருளான ஏ.ரி.பி.யின் இடத்தைக் கவனமாகப் பாருங்கள். ஏ.ரி.பி. இழுப்பதற்குச் சக்தி கொடுக்கிறது என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவார்கள். நடப்பது அதைவிட அழகானது. இழுத்து முடித்த தலை அக்டினோடு இறுக ஒட்டியபடியே நிற்கும், தானாகக் கழராது. புதிய ஏ.ரி.பி. ஒன்று வந்து தலையில் பொருந்தினால்தான் பிடி விடும். விட்ட பிறகு தலை அந்த ஏ.ரி.பி.யை ஏ.டி.பி. ஆகவும் பொசுபேற்று ஆகவும் உடைக்கிறது. அந்த உடைவில் கிடைக்கும் சக்தியில் தலை நிமிர்ந்து ஆயத்தமாகிறது. இரண்டு துண்டுகளும் இன்னும் தலையிலேயே இருக்கின்றன. அடுத்து அக்டினைத் தொட்டதும் பொசுபேற்று வெளியேறுகிறது, பிடி இறுகுகிறது, தலை வளைந்து இழுக்கிறது. கடைசியில் ஏ.டி.பி.யும் போக, தலை மறுபடி ஒட்டிய நிலை. ஆக ஒரு சுற்றில் ஏ.ரி.பி. முதலில் செய்கிற வேலை பிடியை விடுவிப்பது. உடைப்பு அதற்குப் பிறகுதான்.

ஏ.ரி.பி. இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மீன் சந்தையில் கண்ணால் பார்க்கலாம். பிடித்துக் கொஞ்ச நேரமான பாரை மீன் தளதளவென்று இருக்கும். சில மணி நேரத்தில் பலகை போல விறைக்கும், தலையைப் பிடித்துத் தூக்கினால் வால் தொங்காமல் நீட்டியபடி நிற்கும். பிறகு ஒரு கட்டத்தில் திரும்பவும் தொய்யும். உயிர் போன பிறகும் தசைக்கலங்கள் மிச்சமிருக்கும் ஏ.ரி.பி.யைச் செலவழிக்கின்றன. அது தீர்ந்ததும் ஒட்டிய தலைகள் ஒட்டியபடியே நிற்கின்றன, விடுவிக்க ஒன்றும் இல்லை. அதுதான் விறைப்பு. வலையில் நீண்ட நேரம் துடித்துக் களைத்துச் செத்த மீன் சீக்கிரமாக விறைப்பதற்குக் காரணம், சாகும்போதே அதன் கையிருப்பு வற்றிப்போயிருப்பது. மனித உடலிலும் இதே கதைதான். சில மணி நேரத்தில் தொடங்கி, அரை நாளளவில் உச்சத்துக்குப் போய், ஒன்றிரண்டு நாளில் நீங்கும். எங்கள் ஊர் வெக்கையில் எல்லாமே விரைவாக நடக்கும். நீங்கும்போது கூட மயோசின் தலைகள் பிடியை விடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். நொதியங்கள் இழைகளின் இணைப்புகளை, முக்கியமாக இசட் கோட்டுப் பகுதியை, அரித்து உடைப்பதால்தான் தசை தொய்கிறது. விறைத்த மீனை நல்ல மீன் என்று அம்மாமார் தெரிந்தெடுப்பது சரியான தெரிவு. இன்னும் அரிப்புத் தொடங்கவில்லை என்று அர்த்தம்.

உயிருள்ள தசையில் ஏ.ரி.பி. எப்போதும் இருக்கிறது. அப்படியென்றால் தலைகள் ஏன் ஓயாமல் பற்றி இழுத்துக்கொண்டே இருப்பதில்லை? அக்டின் இழையோடு திரப்போமயோசின் என்ற நீண்ட புரதம் படுத்திருக்கிறது. அது தலைகள் பற்ற வேண்டிய இடங்களை மறைத்துக்கொள்கிறது. அதனோடு ஒட்டியிருப்பது திரப்போனின். கல்சியம் அயன் வந்து திரப்போனினில் சேர்ந்தால் திரப்போமயோசின் விலகி, பற்றும் இடங்கள் வெளிப்படும். கல்சியத்தின் இந்தப் பங்கையும் திரப்போனினையும் 1960களில் கண்டு சொன்னவர் ஜப்பானிய விஞ்ஞானி செற்சுரோ எபாஷி. முதலில் பலர் நம்பவில்லை. ஒரு சாதாரண உலோக அயன் இவ்வளவு பெரிய காரியத்தை ஆட்டிவைக்குமா என்ற சந்தேகம்.

அந்தக் கல்சியம் இருக்கும் இடம் நான் முதலில் சொன்ன சிறுவலை. நரம்பு வழி வந்த மின்கணத்தாக்கம் நாரின் மேற்பரப்பில் ஓடி, குறுக்குக் குழாய்கள் வழியே நாரின் நடுவரை இறங்குகிறது. குழாயின் சுவரிலுள்ள புரதம் மின்னழுத்த மாற்றத்தை உணர்ந்து, பக்கத்திலுள்ள சிறுவலையின் வாய்களைத் திறக்கிறது. கல்சியம் கொட்டுகிறது, தலைகள் பற்றுகின்றன. இதுவரை எல்லாரும் எழுதுவார்கள். பிறகு? கொட்டிய கல்சியத்தைத் திரும்பச் சிறுவலைக்குள் ஏற்ற வேண்டும், அதுவும் செறிவு குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு. சிறுவலையின் மென்சவ்வு நிறைய அதற்கான பம்பிகள் இருக்கின்றன. ஒரு ஏ.ரி.பி.க்கு இரண்டு கல்சியம் என்ற கணக்கில் அவை ஏற்றுகின்றன. தசை தளர்வது சும்மா நடப்பதில்லை, தலைகளைக் கழற்றவும் ஏ.ரி.பி. வேண்டும், கல்சியத்தை அள்ளவும் ஏ.ரி.பி. வேண்டும். களைத்த தசையைத் தொட்டுப் பார்த்தால் பலம் குறைந்திருப்பது மட்டுமில்லை, தளர்வதற்கு எடுக்கும் நேரமும் நீண்டிருக்கும். நெல் மூட்டை ஏற்றி இறக்கிய கை, மூட்டையை வைத்த பிறகும் விரல் விரிக்கச் சோம்புவதில் இதற்கும் பங்குண்டு.

நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வன்னியில் அது புத்தக விஷயம் இல்லை. நரம்பின் முனை அசற்றைல்கோலின் என்ற பொருளை விடுகிறது. அது நாரின் மேலுள்ள வாங்கிகளில் சேர்ந்ததும் சோடியம் உள்ளே பாய்ந்து மின்கணத்தாக்கம் கிளம்புகிறது. வேலை முடிந்த அசற்றைல்கோலினை அங்கேயே காத்திருக்கும் ஒரு நொதியம் மில்லிசெக்கன்களில் உடைத்துவிடும். இங்கேயும் பாருங்கள், கட்டளையைக் கொடுப்பதைப் போலவே கட்டளையை நீக்குவதற்கும் ஓர் ஏற்பாடு. ஓகனோபொசுபேற்று வகைப் பூச்சிமருந்துகள் முடக்குவது இந்த நொதியத்தைத்தான். அசற்றைல்கோலின் தேங்கி நிற்கிறது. முதலில் கண்ணிமையும் கெண்டையும் தோலுக்குக் கீழே புழு நெளிவது போலத் துடிக்கும். பிறகு தசைகள் ஓய்ந்து பலமிழக்கும், கடைசியில் மூச்சுத் தசைகளும். வைத்தியசாலையில் கொடுக்கும் அத்துரோப்பீன் இதயத்தையும் சளிப் பெருக்கையும் கட்டுப்படுத்தி உயிரைக் காக்கிறது, ஆனால் எலும்புகளை அசைக்கும் வன்கூட்டுத் தசைகளின் பலவீனத்தில் அது கை வைப்பதில்லை. அதனால்தான் சிலரைச் செயற்கைச் சுவாசத்தில் நாட்கணக்கில் வைத்திருக்க வேண்டி வருகிறது. மருந்தடிக்கும் ஆட்கள் வெறும் மேலோடு நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறும். இந்த மருந்துகள் தோல் வழியாகவும் உள்ளே போகும். முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம், காற்றுக்கு எதிரே அடிக்காமை, முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளிப்பு. இதை அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள். மகள் சொன்னால் கேட்பார்.

கட்டுவிரியன் பாம்பின் விஷமும் இதே சந்தியில்தான் வேலை செய்கிறது. அதன் விஷத்தில் ஒரு கூறு வாங்கிகளை அடைக்கும், இன்னொன்று நரம்பு முனையையே அழிக்கும். கடி பெரும்பாலும் இரவில், நிலத்தில் படுத்திருப்பவருக்கு. வலியும் வீக்கமும் அவ்வளவாக இருக்காது என்பதால் பலர் அசட்டை செய்வார்கள். பிறகு கண்ணிமை தொங்கும், பேச்சுக் குழறும், மூச்சு ஓயும். அழிந்த நரம்பு முனைகள் திரும்ப வளர நாட்கள், சிலவேளை வாரங்கள் ஆகும். விஷமுறிவு மருந்தால் அவற்றை உடனே மீட்க முடியாது. அதுவரை இயந்திரம் மூச்சுவிட்டுக் கொடுத்தால் ஆள் முழுமையாக எழும்பி வருவார். பன்றிக்கும் யானைக்கும் வயல் காவல் போகிறவர்கள் கொட்டிலில் நிலத்தில் படுக்காமல் பரண் கட்டி, நுளம்பு வலையை விளிம்பு மடித்துச் செருகிப் படுப்பது பெரிய பாதுகாப்பு.

அப்புறம், ஒரு நரம்புக்கலம் ஒரு நாரை மட்டும் ஆள்வதில்லை. கண்ணை அசைக்கும் தசைகளில் ஒரு நரம்புக்கலத்துக்குப் பத்தளவு நார்கள், கெண்டைத் தசையிலோ ஆயிரத்துக்கு மேல். அந்த நரம்புக்கலமும் அதன் நார்களும் சேர்ந்ததுதான் இயக்க அலகு. சின்ன அலகுகள் முதலில் எழும்பும், சுமை கூடக் கூடப் பெரியவை சேரும். ஒரே கையால் முட்டையையும் யூரியா பையையும் தூக்க முடிவது இதனால். ஒரு மின்கணத்தாக்கத்துக்கு ஒரு நார் ஒரு சிறு துடிப்புத்தான் தரும். கல்சியம் அள்ளி முடிவதற்குள் அடுத்தடுத்த தாக்கங்கள் வந்தால் துடிப்புகள் ஒன்றோடொன்று கூடி நிலையான இழுவையாகும். நாங்கள் செய்யும் அன்றாட அசைவுகள் எல்லாம் அந்த வகை.

எரிபொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையிருப்பு ஏ.ரி.பி. கடும் வேலையில் இரண்டு மூன்று செக்கன்களுக்குத்தான் காணும். பிறகு தசையிலுள்ள இன்னொரு சக்திச் சேமிப்பான கிரியற்றின் பொசுபேற்று பத்துச் செக்கன் அளவுக்கு அதை மீட்டுக் கொடுக்கும். அதற்கு மேல் ஒட்சிசன் இல்லாத குளுக்கோசு உடைப்பு, நீண்ட வேலைக்கு இழைமணியின் ஒட்சிசன் வழி. சில நார்கள் ஒட்சிசன் வழியை நம்பியவை. அவற்றில் ஒட்சிசனைப் பிடித்து வைக்கும் செந்நிறப் புரதமான மயோகுளோபினும் இழைமணியும் நிறைய இருப்பதால் சிவந்திருக்கும், மெதுவாக இழுக்கும், இலகுவில் களைக்காது. மற்றவை வெளிறியவை, வேகமானவை, விரைவில் ஓய்பவை. கோழி நாள் முழுக்க நடந்து திரியும், எப்போதாவது படபடவென்று பறந்து வேலியில் ஏறும். அதற்கேற்றபடி அதன் காலிறைச்சி கருஞ்சிவப்பு, நெஞ்சு வெள்ளை. சுண்டிக்குளத்துக்கும் கொக்கிளாய்க்கும் வருசா வருசம் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வந்திறங்கும் வாத்துகளுக்கு நெஞ்சுத் தசையே கருஞ்சிவப்பு.

வேலைக்கு அடுத்த நாள், அதற்கும் அடுத்த நாள் வருகிற உடம்பு நோவுக்கு லக்ரிக் அமிலத்தைக் குற்றம் சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. வேலை முடிந்து ஒரு மணி நேரமளவில் அது பெரும்பாலும் நீங்கிவிடும். நோவுக்குக் காரணம், இழுபட்டுக்கொண்டே சுமை தாங்கும்போது சார்கோமியர்களில் ஏற்படும் நுண்காயங்களும் அதைத் தொடரும் அழற்சியும். மூட்டையைத் தூக்குவதை விட மெல்ல இறக்குவதும், பனையில் ஏறுவதை விட இறங்குவதும் நோவைக் கூட்டுவது இதனால்.

எனக்கு மிக நெருக்கமான பகுதி இனித்தான். யுத்தத்தில் எறிகணைத் துண்டு பட்டு நரம்பு அறுந்தவர்கள் இங்கே பலர். முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமாக, சின்ன எலும்பின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு மிக அண்மையில் ஓடுகிறது. அது அறுந்தால் பாதத்தை மேலே தூக்க முடியாது, நடக்கும்போது விரல்கள் நிலத்தில் உரசும். தசைக்கு ஒரு காயமும் இல்லை, இரத்தமும் ஓடுகிறது. இருந்தும் சில வாரங்களில் முன்னங்காலின் சதை வற்றி எலும்பு விளிம்பு கையில் தட்டும். கட்டளை வராத நார் தன் புரதங்களைத் தானே உடைக்கத் தொடங்கிவிடுகிறது. அறுந்த நரம்பு வளர்வது நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். இடுப்பருகே அறுந்த நரம்பு முன்னங்காலுக்கு வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் வேண்டும், அதற்குள் தசை மீள முடியாத நிலைக்குப் போய்விடலாம்.

அந்தக் காத்திருப்பில் தினமும் கணுக்காலை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கச் சொல்வோம். பலர் இதைச் சும்மா தேகாப்பியாசம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பாதம் கீழே தொங்கியபடியே கிடந்தால் கெண்டைத் தசை குறுகிய நிலையிலேயே இருக்கும். அப்படி இருக்கும் தசை, வரிசையிலுள்ள சார்கோமியர்களின் எண்ணிக்கையையே குறைத்துக்கொள்ளும். பிறகு நரம்பு வந்தாலும் குதிக்கால் நிலத்தில் படாது. இழுத்து நீட்டி வைத்தால் நாரின் முனைகளில் புதிய சார்கோமியர்கள் சேரும். முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களுக்கு வேறொரு சிக்கல். தசைக்கு வரும் நரம்பு முழுதாக இருக்கும், மூளையிலிருந்து வரும் அடக்கும் கட்டளை மட்டும் அறுந்துபோகும். அதனால் கால் தானாகவே இறுகி விறைக்கும், சின்னத் தொடுகைக்கும் துள்ளும். ஏற்புவலியிலும் முள்ளந்தண்டில் இந்த அடக்கும் கட்டளையைத்தான் கிருமியின் நச்சு நிறுத்துகிறது. துருப்பிடித்த கம்பி குத்தினால் ஏற்பு ஊசி போடாமல் இருக்கக் கூடாது.

இப்போது அப்பாவின் கெண்டைக்கால். செத்த மீனின் விறைப்போடு இதைக் குழப்ப வேண்டாம். அங்கே ஏ.ரி.பி. தீர்ந்துவிட்டது, இங்கே அது இருக்கிறது. பிரச்சினை முள்ளந்தண்டிலிருந்து கெண்டைக்கு வரும் இயக்க நரம்புக்கலங்களில். அவை கேட்காமலே விரைவான தாக்கங்களை அனுப்ப, தசை சொன்னபடி இழுக்கிறது. களைத்த தசை, ஏற்கனவே குறுகிய நிலையில் இருக்கும்போது இது இலகுவாகக் கிளம்பும். மல்லாந்து படுத்தால் பாதம் தானாகக் கீழ்நோக்கிச் சாய்ந்து கெண்டை குறுகிவிடும், அதுதான் இரவில். வந்தவுடன் முழங்காலை நேராக வைத்து, பாதத்தின் முன்பகுதியைப் பிடித்துத் தன் பக்கம் மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். எழும்பி நிற்க முடிந்தால் குதிக்காலை நிலத்தில் ஊன்றி முன்னே சாயலாம். நாணிலுள்ள உணரிகள் அந்த இழுவையை அறிந்து, அடங்கு என்று நரம்புக்கலத்துக்குச் சொல்லும். படுக்கப் போகுமுன் சுவரைப் பிடித்து நின்று கெண்டையை அரை நிமிடம் இழுத்து விடுவதை இரண்டு மூன்று தரம் செய்தால் இரவு வரவு குறையும். வெயிலில் நின்ற நாளில் தண்ணீரோடு உப்புப் போட்ட கஞ்சியோ மோரோ குடிக்கட்டும். இரத்த அழுத்தத்துக்கு ஏற்கனவே மாத்திரை எடுப்பவர் என்றால் உப்பின் அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அழுத்தத்துக்குக் கொடுக்கும் சிறுநீர் மாத்திரைகளாலும் இந்த இழுப்பு வரலாம்.

வாரத்தில் பல இரவுகள் வந்தால், அல்லது கால் வீக்கமும் சோர்வும் கூட இருந்தால், வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். வவுனியாவையும் அதைச் சுற்றிய உலர்வலய விவசாயப் பகுதிகளையும் சிறுநீரக நோய் பிடித்திருக்கிறது, அது தொடக்கத்தில் சத்தம் காட்டாது. பரிசோதனையில் பார்ப்பது கிரியற்றினின். தசையிலுள்ள கிரியற்றினும் கிரியற்றின் பொசுபேற்றும் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து கிரியற்றினின் ஆகிறது, சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். அது தசையிலிருந்து வருவதால், சதை வற்றிய மெலிந்த ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தும் எண் சாதாரணமாகத் தெரியலாம். அதனால் அறிக்கையிலுள்ள எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வராமல், வயதையும், ஆணா பெண்ணா என்பதையும், உடல் மெலிவையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லும்படி வைத்தியரிடம் கேட்கச் சொல்லுங்கள்.